இடப்பக்கக் கதவு

முதல் வரைபடம் தாளில் இல்லை.
பெப்ரவரிக் குளிரில்
லோனே நகரத்துக் கராஜ் தரையில்
ஜாக்கெட்டோடு மல்லாந்து படுத்தோம்.
அவளைச் சுற்றி நான் சோக்கால் கோடிழுத்தேன்,
என்னைச் சுற்றி சுகிர்தா.
நாயோடு வந்த ஃபிராவ் ஓபர்ஷெல்ப்
தரையில் கிடந்த இரண்டு உருவங்களையும் பார்த்தார்.
பொலிசைக் கூப்பிடவில்லை,
நல்ல மனுசி.

இரண்டு பேரின் நித்திரை
நூற்று முப்பத்திரண்டு சென்டிமீட்டர் அகலம்.
"திரும்பிப் படுக்கேக்க?" என்றாள்.
நான்கு கூட்டினேன்.

எங்கள் சின்னக் கார் இழுப்பது
அறுநூறு கிலோ, அதற்கு மேல் ஒரு கிராம் இல்லை.
ஒவ்வொரு பலகையையும் தூக்கிக்கொண்டு
குளியலறைத் தராசில் ஏறுவேன்.
அவள் என்னைக் கழித்து
மிச்சத்தைக் கொப்பியில் எழுதுவாள்.
சித்திரைக்குள் நான் மூன்று கிலோ இளைத்தது
அந்தக் கணக்கில்தான் பிடிபட்டது.

நான் வேலை செய்வது சமையலறைத் தொழிற்சாலையில்.
ஓரம் உடைந்த கதவுகள், நிறம் பிசகிய தட்டுகள்,
மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு
வெள்ளிதோறும் வீட்டுக்கு வந்தன.
கூரைக்கு மட்டும் புதுசு வாங்கினேன்,
ஆறு மில்லிமீட்டர் பேர்ச்.
வளைத்தேன், வெடித்தது.
மறுபடி வளைத்தேன், மறுபடி வெடித்தது.
மூன்றாவதை வெந்நீர்த் துவாய்களில் சுற்றி
இரவு முழுக்கப் படுக்க விட்டேன்.
காலையில் மறுபேச்சில்லாமல் வளைந்தது.

பரிசோதனைக்கூடத்தில்
ஹெர் கிளைனப்ரிங்க் சக்கரத்தை உலுப்பினார்,
அச்சைத் தட்டினார்,
விளக்குகளை ஒவ்வொன்றாய் எரியச் சொன்னார்.
எல்லாம் சரி.
பிறகு ஒரு சுற்று நடந்து வந்து,
கொஞ்சம் மரியாதையாகவே கேட்டார்:
இங்கிலாந்துக்கா போகிறீர்கள்?

விளங்கவில்லை.
அவர் கதவைக் காட்டினார்.
இடப்பக்கம்.
லொறிகள் உரசிப் போகும் பக்கம்.

பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி இறங்கிய பக்கம்
என்று ஜெர்மனில் எப்படிச் சொல்வது?
இருபத்தொன்பது வருடமாக இங்கே
வலப்பக்கம் ஓட்டுகிறேன், காரில் ஒரு கீறலில்லை.
பென்சிலுக்கு அது தெரியாது.

"சட்டத்தில் குற்றமில்லை" என்று முத்திரை குத்தினார்.
அன்றிரவே ஜிக்சோவை எடுத்தேன்.
வலப்பக்கமும் ஒரு துளை, ஒரு கதவு,
இரண்டு பிணைச்சல், நாலு கிலோ இருநூறு.
"நல்லதுதான்," என்றாள் சுகிர்தா,
"ராவில என்னைத் தாண்டிப் போகத் தேவையில்லை."

ஸ்டைன்ஹூடர் ஏரிக்கரை, முதல் இரவு.
அலுமினியத்தில் மழை
அரிசி கொட்டியதுபோல் இரைந்து ஓய்ந்தது.
ஒழுகவில்லை.
ஒழுகும் என்று காத்துக் கிடந்ததில் நித்திரையும் இல்லை.
மூன்று மணிக்கு, அவள் எழும்பிவிடக்கூடாதென்று
கொளுக்கியை மெல்லத் தூக்கி
இடப்பக்கமாக இறங்கினேன்.
ஈரப்புல்லில் பின்பக்கம் போய்
சமையல் மூடியில் கை வைத்தால்
அங்கே இன்னொரு கை.
வலப்பக்கமாக வந்திருக்கிறாள்,
என்னை எழுப்பிவிடக்கூடாதென்று.

சரி, தேத்தண்ணி போடுவோம்.
அடுப்பு பற்றியது. கேத்தலை வைத்தோம்.
கைபிடி மேல் தட்டில் முட்டி
சரிந்தே நின்றது.
கொப்பியில் எல்லாம் இருந்தது.
கேத்தலின் உயரம் இல்லை.