நாலாவது கால்

காட்பாடி, சித்தூர் ரோடு,
டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை
அமெரிக்காவில் எப்போதோ விழுந்த பனியில்
எப்போதோ விழுந்தவர்களை
எண்ணிக்கொண்டிருந்தோம்.

வேலை அதுதான்.
ஆள் ஓடினால் அவனைச் சுற்றி ஒரு கட்டம்.
பந்து கைமாறினால் எஃப் டூ.
மேலே விழுந்து அமுக்கினால் எஃப் ஃபைவ்.
எந்திரத்துக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கிறோமாம்.
எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆறு உண்டு தண்ணீர் இல்லை,
கோட்டை உண்டு ராஜா இல்லை என்று
எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
அந்த வரிசையில் இதையும் வைத்தாள் ஜெபசீலி:
ஃபுட்பால் உண்டு, கால் படுவதில்லை.

"படுதே, அப்பப்ப."
"அதுக்காக அப்படிப் பேரா?
சூப்பர்வைசருக்கும்தான் முனிரத்தினம்னு பேரு.
முனியும் இல்ல, ரத்தினமும் இல்ல."

அவள் சிகாகோ. நான் க்ரீன் பே.
காரணம், அவள் நாற்காலி நீலம்,
மிச்சமிருந்தது பச்சை.
நூறு வருசத்துப் பகை அது என்று
பிறகுதான் தெரியவந்தது.
அதற்குள் எங்களுக்கும் முற்றிவிட்டிருந்தது.

பந்தயம் அரைக் கிலோ ஆற்காட்டு மக்கன் பேடா.
ஒரே விதி: நெட்டில் தேடக் கூடாது.
பதினேழு வருடம் முன்பே முடிந்துபோன ஆட்டத்துக்கு
அந்த மே மாதம் முழுக்க
நகம் கடித்தேன்.

கோப்புகள் கலைந்து வரும்.
திங்கட்கிழமை மூன்றாவது கால்,
வியாழன்தான் முதல் கால்.
பத்து புள்ளி பின்தங்கப் போவது தெரிந்த பிறகு
முந்திக்கொண்டிருந்த எங்கள் ஆட்களைப் பார்ப்பது
செத்தவரின் கல்யாண வீடியோ பார்ப்பதுபோல.

சத்தமும் கிடையாது, வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள்.
அறுபதாயிரம் பேர் வாய் பிளந்து நிற்க
கேட்டதெல்லாம்
ஜங்ஷனில் கூட்ஸ் வண்டிக்குப்
பெட்டி கோக்கும் ஓசை.

ஏசி செத்துப்போன இரவுகளில்
துப்பட்டாவை நனைத்துப் பிடரியில் போட்டுக்கொண்டு
பனி ஒட்டிய தாடிகளைக் கட்டம் கட்டுவாள் ஜெபசீலி.
ஆட்டக்காரன் வாயிலிருந்து வரும் ஆவியை
எந்திரம் பந்து என்று எடுத்துக்கொள்ளும்.
"அது மூச்சுடா, மக்கு" என்று திருத்துவாள்.

என் ஆள் எழுபத்தொன்று.
முதுகில் பெயர் இருந்தது, அதன்மேல் சேறு இருந்தது.
பந்தை அவன் தொட்டதே இல்லை.
அவனுக்கு விதித்தது மோதுவது, விழுவது,
தன்மேல் விழுந்தவன் எழுந்தபின் எழுவது.
மூன்று காலில் நாற்பத்தாறு முறை.
எண்ணியவன் நான்.
நாற்பத்தாறாவது முறை
சிகாகோக்காரன் ஒருவன் கை நீட்டினான்.
கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிடித்தான்.
அதற்குத் தட்ட விசை இல்லை.
"பிற" என்று போட்டேன்.

நாலாவது கால் வரவே இல்லை.
மூன்றே புள்ளி பின்னால் நாங்கள் நிற்கையில்
ஒப்பந்தம் முடிந்தது.
எந்திரம் தானாக எண்ணப் பழகிவிட்டதாம்.
முனிரத்தினம் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு
ஆளுக்கொரு காலண்டர் கொடுத்தார்.
ஜூலையில்.

ஜெபசீலி ஓசூர் போனாள்.
நான் சத்துவாச்சாரி கூரியர் ஆபீஸில்
மற்றவர்கள் அனுப்புவதை நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.
தேடினால் மூன்று நொடி.
தேடவில்லை.
பனிப்புகையில் எழுபத்தொன்று
இன்னும் குனிந்தே இருக்கிறான்,
ஒரு கை மண்ணில்.

போன வாரம் என் பெயருக்கே ஒரு பார்சல்.
அனுப்பிய இடம் ஓசூர்,
குறிப்பு என்ற கட்டத்தில்
"நீதான் ஜெயிச்ச."
ஸ்கோர் இல்லை.
விதியை மீறித் தேடினாளா,
தேடாமலே தோற்றாளா,
கேட்கலாம்தான்.

பிரிக்கும் முன் பழக்கத்தில்
தராசில் வைத்தேன்.
ரசீதில் அரைக் கிலோ.
நாற்பது கிராம் உதைத்தது.

உள்ளே ஓரத்தில்
ஒரு காகிதக் குழியில்
நெய் மட்டும், வட்டமாக.