எட்டு ரிங்கிட் ஆமை

ஐஸ்கிரீம் டப்பாவில் இரண்டு விரல் தண்ணீர்.
அதில் ஐம்பது காசு அகலத்தில் ஓர் ஆமை.
கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் சிவப்புக் கோடு,
யாரோ அவசரமாய்க் குங்குமத்தைத் தீற்றிவிட்டுப் போனதுபோல்.
சனிக்கிழமை பாசார் மாலாமில் வாங்கியதாம்.
எட்டு ரிங்கிட். டப்பா இலவசம்.
"இது இவ்ளோதான் டீச்சர், வளராது.
விக்கிற அங்கிள் சொன்னாரு"
என்றான் ருவேந்திரன்.
இரண்டு மல்லிகையில் மூன்றாம் வரிசை.
இந்த வருடத்தில் மட்டும்
மூன்று முறை சப்பாத்து மாற்றியவன்.

பாடத்திட்டத்தில் இன்று செல்லப்பிராணிகள்.
நான் கொண்டுவந்தது படஅட்டை:
பூனைக்குப் பால், நாய்க்கு எலும்பு, முயலுக்குக் கேரட்.
மூன்றிலும் முக்கால்வாசி பொய் என்று
தூக்கிக் காட்டப் போகும்போதுதான் உறைத்தது.
மடித்து மேசைக்குள் தள்ளினேன்.

என் மதியச் சாப்பாட்டுத் தட்டைக்
கவிழ்த்து வெண்பலகையில் வைத்துச் சுற்றி வரைந்தேன்.
"வளர்ந்தால் இந்த அளவு."
வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது.
"எத்தன வருசம் இருக்கும் டீச்சர்?"
"நல்லாப் பாத்துக்கிட்டா, முப்பது."
அழைக்காமலே கணக்குப் பாடம் உள்ளே வந்து உட்கார்ந்தது.
எட்டோடு முப்பது.
தன் விரல் போதாமல்
பக்கத்துப் பையனின் விரல்களைக் கடன் வாங்கி
முப்பத்தெட்டு என்றான்.

"அப்ப ஒனக்கு மீசை இருக்கும்."
"கார் லைசென்ஸ் இருக்கும்."
"முடி இருக்காது, ஒங்க அப்பா மாதிரி."
ஜன்னலோரத்திலிருந்து தெய்வாஷினி:
"கட்டிக்கிட்டவங்களுக்கு ஆமை புடிக்கலன்னா?"
சிரிப்பு வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.
ருவேந்திரன் சிரிக்கவில்லை.
டப்பாவைத் தன் பக்கம் ஒரு சாண் இழுத்தான்.

"பெருசானா குளத்துல விட்டுடலாமே.
ஆயர் ஈத்தாம் கோயில் குளத்துல நெறைய இருக்கு.
விட்டா புண்ணியம்."
சொன்னது யார் என்று கவனிக்கவில்லை.

பயிற்சிப் பட்டறையில் கொடுத்த தாளில்
இதற்கு விடை இருக்கிறது, நான்கு வரியில்.
வாயைத் திறந்தேன்.

ஜெலுத்தோங் அடுக்குமாடிக்குக் குடிபோன வருடம்,
மோட்டார்சைக்கிள் கூடையில் ஒரு வாளி,
வாளிமேல் ஈரத் துண்டு.
படி, படி, இன்னும் படி.
குளச்சுவர் விளிம்பில் வைத்தபோது
அது தண்ணீரைப் பார்க்கவில்லை.
கழுத்தை நீட்டி என் கைப்பக்கம் திரும்பியது.
மாலை ஆறு மணிக்குத் தீனி வருகிற கை.
சிங்காரி என்று பேர் வைத்திருந்தேன்.
ஒரு விரலால்தான் தள்ளினேன்.
இறங்கி வந்து லக்சா ஒரு கிண்ணம்.
புளிப்பு கொஞ்சம் தூக்கல்.
மிச்சம் வைக்கவில்லை.

"நான் விட்டிருக்கேன்" என்றேன்.

பென்சில் சீவிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.
"அப்புறம் போய்ப் பாத்தீங்களா?"
"ஒரு தடவ. கங்கோங் ரெண்டு கட்டு வாங்கிக்கிட்டு."
"அடையாளம் தெரிஞ்சுதா?"
"எல்லாமே தலய நீட்டுச்சு."

மின்விசிறி தன் வழக்கமான கிரீச்சோடு
நாலைந்து சுற்று போனது.

பிறகு வேலையைப் பார்த்தோம்.
அலுவலகத்துக்குப் பின்னால் காலியாய்க் கிடந்த மீன் தொட்டி.
ஏறி உட்கார ஒரு கல்.
காலை வெயில் விழுகிற மூலை எது என்று
தரையில் சாக்கட்டியால் சண்டை.
தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும்,
முத்தம் கொடுக்கக் கூடாது
(இதற்கு எதிர்ப்பு வந்தது).
திங்கள் தண்ணீர், செவ்வாய் தீனி
என்று கட்டம் போட்டு ஒட்டினோம்.
பெயர்கள் முண்டியடித்து நிரம்பின.

கடைசிக் கட்டம் நீண்ட விடுமுறை.
ஒருத்தி ஈப்போ போகிறாளாம்.
ஒருவன் வீட்டில் ஏற்கெனவே பூனை.
ஒருவனுக்கு அம்மா அடிப்பார்.
மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்க
ருவேந்திரன் எழுந்து வந்தான்.
ரு-வை ரூ-வாக்கி
கட்டத்தை மீறித் தன் பெயரை எழுதினான்.
கீழே இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.
அதைப் பார்த்தான்,
மார்க்கரின் மூடியைப் போடாமல்
என்னிடம் நீட்டினான்.