வினையெச்சம்

ஒரு சொல்லுக்குப் பதினெட்டு சென்.
மலாய்ச் சொல்லை எண்ணித்தான் தருவார்கள்;
தமிழில் ஒட்டிக்கொள்ளும், எண்ணிக்கை குறையும் என்று
நான் பேரம் பேசி வாங்கிய சலுகை.

ஆறு பக்க அறிவிப்பு. வெள்ளிக்குள் வேண்டும்.
'சிசா' வந்த இடமெல்லாம்
கழிவு என்று போட்டு அனுப்பினேன்.
மறுநாள் புவான் ரொஸ்னானி அழைத்தார்,
கனிந்த குரல்:
கழிவு என்றால் கக்கூஸ் நினைவு வருமாமே,
வேறு சொல் இருக்கிறதா?
இருந்தது.
எச்சம்.
நாற்பத்தொரு இடத்தில் மாற்றினேன்.
அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

'அரை ஆயுள்' என்பதை அப்படியே விட்டேன்.
தோரியத்துக்கு அது ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு.
நம் வாயில் அரை ஆயுசு என்றால்
முப்பத்தெட்டில் லாரி மோதிப் போனவன்.
அடிக்குறிப்பு போடலாமா என்றேன்.
இடமில்லை என்றார்கள்.

இடம்.
ஐந்தில் ஆரம்பித்ததாம்.
ஒன்றில் நீர்ப்பிடிப்பு. ஒன்றில் கோல்ஃப் திடல்.
ஒன்றில் இடைத்தேர்தல் (அறிவிப்பில் இல்லை,
சாப்பாட்டு வரிசையில் காதில் விழுந்தது).
ஒன்று பினாங்குத் தீவிலேயே; அங்கே சதுர அடி என்ன விலை!
மிஞ்சியது பாலத்துக்கு இந்தப் பக்கம்,
நிபோங் திபாலுக்குத் தெற்கே கிரென்வில் தோட்டம்.
'மக்கள் நெருக்கம் மிகக் குறைவு.'
குறைவுதான்.
எண்பது குடும்பத்தை லயத்திலிருந்து கிளப்பிப்
பதினோரு வருடம்தான் ஆகிறது.

பாலாய் ராயாவில் கூட்டம்.
மீ ஹூன், கறிபாப், நான்கு மொழி அச்சு.
தமிழ்க் கட்டு நாற்காலிக்கு அடியில், கயிறு அவிழ்க்காமல்.
நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன்.
"எச்சமா? காக்கா எச்சமா?" என்றார் இருளப்பன்.
தகரக் கூரைவரை சிரிப்பு.
கெராங் வளர்க்கும் கோ சூன் ஹாக் என்னவென்று கேட்க,
யாரோ மலாயில் சொல்ல,
அவரும் சிரித்தார்.

தேவகுஞ்சரி சிரிக்கவில்லை.
இரவு ஷிப்ட் முடிந்து பாயான் லெப்பாசிலிருந்து நேரே வந்தவள்;
ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தம் பொருத்துகிற வேலை.
"காந்தத்துக்கு மண்ணைக் கழுவுன மிச்சம்தானே இது?
அப்ப என் வேலையோட பாதி என் வீட்டுக்கே வருது."
பிறகு தாளை உயர்த்தினாள்.
"தெரிவு செய்யப்படும்னு போட்டிருக்கு. யாரு செய்வா?"

அதிகாரி என்னைப் பார்த்தார்,
மொழிபெயர்ப்பில் கோளாறு என்பதுபோல்.

கோளாறு இல்லை. மூலத்திலும் ஆள் இல்லை.
புதைக்கப்படும். கண்காணிக்கப்படும்.
இழப்பீடு பரிசீலிக்கப்படும்.
வரிக்கு வரி வாலில் ஒரு படு.
படுகிறவர் யார் என்பது மட்டும்
வரைபடத்தில் இருந்தது, சிவப்பு வட்டத்துக்குள்.

இரவு விலைப்பட்டியல் எழுத உட்கார்ந்தேன்.
ஆயிரத்து எழுநூற்று இருபது சொல்,
முந்நூற்று ஒன்பது வெள்ளி அறுபது சென்.
கூட்டலைச் சரிபார்க்கும்போதுதான்
பள்ளியில் மனப்பாடம் செய்த எச்சம் வந்தது.
முடியாத வினை.
முற்றைத் தேடி நிற்பது.

தோண்டி,
இறக்கி,
மூடி, மேலே புல் நட்டு,
பலகை வைத்து,
பலகையில் என் மொழியைக் கடைசியில் வைத்து,
அதிலும் ஒரு புள்ளியை
விட்டுவிட்டு