ஒன்றரை அங்குலம்

ஒஸ்வல் ஆறடி இரண்டு.
விற்றபோது சொன்னான்:
"ஓடுறபோது இது ஆளின்ர உயரம் பார்க்காது, மிஸ்."
உண்மைதான்.
உப்புவெளி தாண்டி, நிலாவெளி தாண்டி,
இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி, புல்மோட்டை வரை
நான் எத்தனை அடி என்று
காற்று ஒருநாளும் கேட்டதில்லை.

நிற்கிறபோதுதான் கணக்கு.

நான் நாலடி பதினொன்று.
கொட்பே ஐஸ் தொழிற்சாலையில் பேரேடு எழுதுகிறவள்.
எண் பிழைத்தால் நித்திரை வராது.
இருக்கையிலிருந்து நிலத்துக்கு இருபத்தொன்பது அங்குலம்,
என் கால் இருபத்தேழு.
பெருவிரல் நுனி தாரைத் தொடும்,
அதுவும் இடது மட்டும்,
அதுவும் சப்பாத்தோடு.

ஒரு வெள்ளிக்கிழமை, பஸ் நிலையத்தடியில்,
புல்மோட்டை பஸ் பின்னால் எடுக்கிறது என்று நிறுத்தினேன்.
வலது பக்கம் மணல் சரிந்த குழி.
கால் இறங்கிற்று, இறங்கிற்று,
இன்னும் இறங்கிக்கொண்டேயிருந்தது.
இருநூறு கிலோ இரும்பு
அவசரமே இல்லாமல்
மாடு படுக்கிற மாதிரிப் படுத்தது
என்னையும் கூட்டிக்கொண்டு.
ஓட்டோக்காரர் மூன்று பேர் தூக்கிவிட்டார்கள்.
"ஸ்கூட்டி ஒண்டு எடுக்கலாமே, தங்கச்சி."
ஒரு மான்
(இந்த ஊர் மான்களுக்கு வேறு வேலை கிடையாது)
லொத்தர்ச் சீட்டொன்றை மென்றபடி
முழுவதையும் பார்த்தது.

பிறகு எல்லாரும் எனக்குத்தான் மருந்து சொன்னார்கள்.
தடித்த அடியுள்ள சப்பாத்துப் போடு.
ஒரு பக்கம் வழுகி உட்காரப் பழகு.
மேடு பார்த்து நிறுத்து.
இருக்கை ஸ்பொஞ்சைச் செதுக்கு.
செதுக்கினேன். புல்மோட்டை போய் வந்து
இரண்டு நாள் நின்றபடி பேரேடு எழுதினேன்.

கிண்ணியா நிஸ்தார் மட்டும்
என் காலைப் பார்க்கவில்லை.
பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து
சொக் இரண்டையும் பார்த்தார்.
"பதின்மூண்டு அங்குலம். பதினொண்டரை போடலாம்."
பின்பு, திறப்பு நுனியால் காது குடைந்தபடி,
"ஆனா ஒண்டைத் தொட்டா இன்னொண்டு கேக்கும்."

கேட்டது.
பின்பக்கம் இறங்கியதும் முன்விளக்கு நிமிர்ந்துகொண்டது.
அன்றிரவு உட்துறைமுக வீதியில்
தெருவை விட்டுவிட்டுத்
தென்னை வட்டுகளை, ஒரு வௌவாலை,
யாரோ மாடியில் காயப்போட்ட சாரத்தை
எனக்குக் காட்டிக்கொண்டே வந்தது.
பக்கத்து ஸ்டாண்ட் நீளமாகிப்போயிற்று.
சாயாமல் செங்குத்தாய் நின்ற வண்டி
லொறி கடந்த காற்றுக்கே மறுபக்கம் விழப் பார்த்தது.
நிஸ்தார் அதில் பெருவிரல் அகலம் வெட்டி ஒட்டினார்.
முன் ஃபோர்க்கைக் கவ்விக்குள் அரை அங்குலம் ஏற்றினார்.
செயினைத் திரும்பவும் அளந்தார்.
நடு ஸ்டாண்டில் ஏற்ற இப்போது
இன்னொரு ஆள் வேண்டும்.

கன்னியா வீதி வேகத்தடையில் அடிவயிறு உரசிற்று.
பல் கூசியது எனக்கு.
வளைவில் முன்போலச் சரிக்க முடியாது,
கால்மிதி தாரைத் தொட்டுச் சொல்லும், போதும்.
இவ்வளவும் கொடுத்து வாங்கியது ஒன்றரை அங்குலம்.
பேரேட்டில் எழுதினால்
நட்டம் என்றுதான் வரும்.

அடுத்த வெள்ளி,
அதே பஸ் நிலையத்தடி.
நிறுத்தினேன்.
இடது கால்.
வலது கால்.
குதி வரைக்கும்.
தாரின் சூடு சப்பாத்துக்குள் ஏறிற்று.
பஸ்காரன் தன் பாட்டில் பின்னால் எடுத்தான்.
ஓட்டோக்காரர் ஒருவரும் திரும்பவில்லை.
மானையும் காணோம்.
ஒன்றுமே நடக்கவில்லை.
பஸ் போன பிறகும்
அப்படியே நின்றேன்,
பின்னால் ஒருவன் ஹோர்ன் அடிக்கும் வரை.

கழற்றிய நீளச் சொக் இரண்டையும்
பேப்பரில் சுற்றித் தந்திருந்தார் நிஸ்தார்.
"விக்கிற நேரம் ஆறடிக்காரன் வந்தா
திரும்பப் போட்டுக் குடுக்கலாம்."
வீட்டில் வேறு இடமில்லை.
அண்ணன் வந்த அன்று
அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போனான்.
எடுப்பதென்றால்
எனக்கு ஸ்டூல் வேண்டும்.