கட்டு

வண்டிக்கு என்ன, புத்தூர்க் கட்டா
என்று கேட்டார் டீக்கடை இருசப்பன்.
கேட்கட்டும்.
சித்திரை வெயிலில் சிப்காட் வாசலில்
முன்னும் பின்னும் டேங்கர் லாரி நிற்க
இன்ஜினை விட்டு இறங்கி வளையும் அந்தக் குழாய்
என் வலது முட்டியை என்ன பாடு படுத்தும் என்று
அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, மஞ்சக்குப்பம் வாடகை வீட்டின் மாடிப்படிக்குக் கீழே
பத்து மீட்டர் கண்ணாடி இழை நாடாவை
வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன்.
ஈரத்தில் சுற்றினால்தான் காய்ந்ததும் இறுகும்.
ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று கால்வாசி ஏற,
சைலன்சர் பக்கமிருந்து மேல்நோக்கி,
வளைவில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு.
கையுறையில் ஒரு விரல் கிழிந்திருந்தது.
இரண்டு நாள் பூனைக்காலி பட்டவள்போல் சொறிந்தேன்.

முதல் சூட்டில் வெண்புகை.
வீட்டுக்காரம்மா குடத்தோடு ஓடிவந்தார்.

அடங்கியதும்,
கம்பெனியில் கடன் வாங்கிய வெப்பமானித் துப்பாக்கியை நீட்டினேன்.
முந்நூற்றுப் பத்து இருந்த இடத்தில்
நூற்று நாற்பது.
பேண்ட் துணிக்குள் காற்று வந்தது.
சத்தமும் மாறியிருந்தது,
தலையணையில் முகம் புதைத்துச் சிரிக்கிற மாதிரி.

வேகமா?
சூடு ஆறாத புகை மெலிந்தே இருக்கும்,
மெலிந்தது விரைந்து வெளியேறும்,
போகிற போக்கில் அடுத்ததையும் கைபிடித்து இழுக்கும்.
படித்தது அப்படித்தான்.
பெண்ணையாற்றுப் பாலம் முழுக்க முறுக்கிப் பார்த்தேன்.
அரை நொடி மிச்சம்.
அன்றைக்குக் காற்றும் முதுகுப் பக்கம்.

சிலிண்டர் தலையில் மட்டும்
பதினோரு டிகிரி கூடியிருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
சூடு எங்கும் போய்விடவில்லை,
என்னைத் தொடாத இடத்துக்கு
நகர்ந்திருந்தது.

ஐப்பசியில் கெடிலம் ரோட்டுக்கு வந்தது.
கட்டு தண்ணீர் குடித்தது, உப்பும் சேர்த்துக் குடித்தது.
தினம் நனைந்து தினம் ஆவி விட்டது.
மேலே பார்த்தால்
அதே சாம்பல் நிறம், அதே இறுக்கம்.

தை மாதம் முதுநகர் பட்டறையில்
கமாலுதீன் கத்தரியால் வெட்டிப் பிரித்தார்.
கருவாட்டுச் செதிலாய் உதிர்ந்தது குழாய்.
ஸ்குரூ டிரைவர் நுனியை வைத்தார்,
அழுத்தக்கூட இல்லை,
உள்ளே போய்விட்டது.
"எப்பவாவது அவுத்துப் பாத்தியாம்மா?"

எனக்கு வேலையே அதுதான்.
பாய்லர் பிரிவு, ஒன்பது வருடம்.
பஞ்சு சுற்றித் தகடு போர்த்திய நீராவிக் குழாய்கள்
தலைக்கு மேலே ஓடும்.
அதன் கீழே உட்கார்ந்துதான்
எலுமிச்சை சாதம் சாப்பிடுவோம்.

மறுநாள் சொன்னேன்,
சார், நாலாம் நம்பர் லைனைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.
நிமிர்ந்து பார்த்தார்.
தகடு பளபளன்னுதானே இருக்கு என்றார்.
அடுத்த ஷட்டவுனில் என்றார்.
நான் வழக்கமான இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
சாப்பாட்டை மட்டும் வெளியே,
வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனேன்.

புதுக் குழாய், வெறும் குழாய், வீட்டுக்குத் திரும்புகிறேன்.
ரயில்வே கேட் போட்டிருந்தது.
கால் ஊன்றி நின்றேன்.
யாரும் சொல்லாமலே
வலது முட்டி தள்ளி நின்றது.