கடிகாரத் திசையில் தொண்ணூறு பாகை

உலான்பாத்தர், ஏழாம் வகுப்பு.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
தாள்களை மாற்றித் திருத்தச் சொன்னார்கள்.
எனக்கு வந்தது தெர்கெலின் தாள்.

மூன்றாம் கேள்வி எளிது:
ஆதிப்புள்ளியில் ஊசி குத்தி
பிடித்த வடிவம் ஒன்றைக் கால்வட்டம் சுழற்று.
நாங்களெல்லாம் முக்கோணம் வரைந்தோம்.
சொன்னபடி அவை
பக்கவாட்டில் படுத்துக்கொண்டன.

அவன் வரைந்திருந்தது கெர் கூடாரம்.
மேலிருந்து பார்த்தால் வெறும் வட்டம்,
கதவுக்கு விளிம்பில் ஒரு சிறு கோடு, தெற்கே.
சுழற்றிய பின்னும் அதே வட்டம்
அதே கோடு
அதே தெற்கு.
கீழே பென்சிலில்:
'மேற்கே திருப்பினால் காற்று உள்ளே வரும்.'

சிரித்துவிட்டேன்.
வட்டத்தை எவ்வளவு திருப்பினாலும்
வெளியே சொல்லாது.
அந்தக் கோடுதான் காட்டிக்கொடுத்தது.
அதை மட்டும் போடாமல் விட்டிருந்தால்
முழு மதிப்பெண்.

தப்பு போட்டேன்.
பிறகு அழிக்கப் பார்த்தேன்.
பேனா.

ஐந்து மணிக்கே இருட்டு.
பேருந்து மேடேறி வளைந்தது.
நகத்தால் பனி சுரண்டிய ஜன்னல் ஓட்டையில்
மலைச்சரிவு முழுக்கக் கூடாரங்கள்;
ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்,
கதவுகள் என் பக்கம் திரும்பின.
எண்பது பாகை இருக்கும்.
கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்,
ஊசி என்மேல் குத்தியிருப்பதுபோல்.

வளைவு முடிந்தது.
எந்தக் கதவும் அசைந்திருக்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் தெர்கெல் இறங்கினான்.
இரண்டடி வைத்து
காற்று முகத்தில் அடிக்க
அப்படியே அரைவட்டம் திரும்பி
முதுகைக் காட்டியபடி
பின்னோக்கியே நடந்து
வீட்டுக்குப் போனான்.