சீனி வருத்தம்

முதல் செவ்வாய் விசுவமடுவில பஸ் ஏறுவன்.
"எங்கயக்கா?"
"ஆஸ்பத்திரிக்கு. சீனி வருத்தம்."

ஒன்பது வருசமா இதே பொய்.
பின்வளவுத் தங்கேஸ்வரியின்ர தமையனை
விசரன் எண்டு பொடியள் கல்லெறிய
படலைக்குள்ள நிண்டு பாத்தவள் நான்.
வேற என்னத்தைச் சொல்லுறது?

இப்ப செத்தவீடு, சாமத்தியவீடு
எங்க போனாலும்
எனக்கெண்டு தனியா ஒரு கோப்பை
சப்பெண்டு வரும்.
"அக்காவுக்குச் சீனி போடாதேங்கோ!"
பலகாரத் தட்டு என்னைத் தாண்டிப் போகும்.
அவ்வளவு கரிசனை.

சாமத்தில சுவருக்குள்ள ஆரோ
பேர் வாசிக்கினம், என்ர பேரும் வருது
எண்டு சொல்லியிருந்தா
அந்தக் கோப்பையாவது வந்திருக்குமோ?

குளிசை போட்டாப் பிறகும் வாசிக்கினம்தான்.
ஆனா பக்கத்து வளவு ரேடியோ மாதிரி,
தூர.

கிளிநொச்சி. வாங்கில
அளம்பில் சவரிமுத்தர்.
முல்லைத்தீவில தெரிஞ்ச ஆக்கள் எண்டு
இவ்வளவு தூரம் வாறவர்.
வீட்டில "பிரசர்" எண்டு சொல்லிப்போட்டு
கடற்கரையில இருந்துகொண்டு
உப்பில்லாமல் மீன் தின்னுது மனுசன்.

கொப்பியை மடிச்சுக்கொண்டு கன்ரீனுக்குப் போனம்.
"மூண்டு கரண்டி" எண்டன்.
அவர் சிரிக்கேல்லை.
சம்பலை வழிச்சு வழிச்சு வடையில பூசினார்.

ஒண்டரை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது.
கோப்பையின்ர அடியில கரையாத சீனியை
விரலால எடுத்தன்.